எதிர்க்கடையில் தொங்கும் படம்

மக்கா,

குலசேகரம் எஸ்டேட் டாக்டரின் மூத்த மகள் எஸ்தரை நேற்று உனக்குப் பேசி முடித்துவிட்டேன். அதே பெண்ணைத் தன் மகன் ஆல்பர்ட்டுக்குக் கேட்க வந்த உன் மாமன் ஞானமுத்து, கொண்டுவந்த படத்தை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு என்னோடு அதே பஸ்ஸில் திரும்பினான். நம் கடைகள் இருக்கிற தொடுவெட்டிச் சந்தையில் சேர்ந்தே இறங்கினோம். உன்னைக் கேட்காமல் அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கில் மதராஸ் வருகிறது. அதனால்தான் இதை ஆள் மூலம் சொல்லி அனுப்பாமல் நானே எழுதுகிறேன். "சுருக்கமா எழுதும், அவனுக்குப் பள்ளிக்கூடத்துல வேல கெடக்கும்" என்கிறாள் உன் அம்மை. சுருக்கமாகச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். நீளமாகச் சொன்னாலும் வரலாம், ஆனால் அதற்குள் கொஞ்சம் களைப்பும் வந்துவிடும். எனக்கு அது போதும்.

உன் மாமன் கையில் இருந்தது எந்தப் படம் என்று சொல்லவேண்டியதில்லை. நம் மிளகுக் கடைக்கு நேர் எதிரே அவனுடைய ஜவுளிக் கடை. அங்கே கல்லாவுக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்குகிறதே, அதே படம்தான். மதராஸில் அந்தப் பெரிய கல்லூரியின் படிக்கட்டில் பையன்கள் வரிசை வரிசையாகக் கோட்டுப் போட்டு நிற்கிறார்கள்; நடுவில் துரைமார் உட்கார்ந்திருக்கிறார்கள்; மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், ஆல்பர்ட். வேட்டிக்கு வருகிறவனானாலும் சரி, ரவிக்கைத் துணிக்கு வருகிறவளானாலும் சரி, உன் மாமன் துணியை அளந்துகொண்டே கேட்பான்: "எனக்க மகன் இதுல எங்க நிக்கான், சொல்லும் பாப்பம்?" அவர்களுக்கு எப்படித் தெரியும்? உடனே கெஜக்கோலைத் தூக்கி மூன்றாவது வரிசையைத் தொட்டுக் காட்டுவான். தொட்டுத் தொட்டு ஆல்பர்ட்டின் முகத்துக்கு நேரே கண்ணாடி மங்கிப் போயிற்று. காலையில் நான் கடைப் பலகையை எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வெயிலே தெரியும்.

நீயும் ஆல்பர்ட்டும் ஒரே வருஷம் படித்து முடித்தீர்கள். அவன் மதராஸில், நீ நாகர்கோவிலிலும் பிறகு திருவனந்தபுரத்திலும். அவனை அனுப்பியபோது உன்னையும் அனுப்பும் என்று உன் அம்மை கேட்டாள். நான் விசாரித்துப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் பாடப் புத்தகம் ஒன்று. பரீட்சைத் தாள் ஒன்று. கடைசியில் பட்டம் கொடுக்கிற சர்வகலாசாலையும் ஒன்று. ஒரே சரக்கை ஏன் தூரத்துச் சந்தையில் போய் வாங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. இன்றைக்கும் அந்த யோசனையில் எனக்குப் பிசகு தெரியவில்லை. பரீட்சை முடிந்தபோது நீ இரண்டாம் வகுப்பு, அவன் மூன்றாம் வகுப்பு. அன்றைக்கு நான் சந்தை முழுக்கப் பழம் வாங்கிக் கொடுத்தேன். ஞானமுத்துவின் கடைக்கு மட்டும் இரண்டு தடவை கொடுத்தேன்.

அந்த இனிப்பு நாக்கில் இருக்கும்போதே திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் கச்சேரி உத்தியோகத்துக்கு இரண்டு பேரும் மனு போட்டீர்கள். உள்ளே என்ன நடந்தது என்று நீ ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். பெரிய உத்தியோகஸ்தர் ஆல்பர்ட்டின் மனுவைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்த ஹாஸ்டலில் இன்னும் அந்தச் சமையல்காரன்தானா?" என்று கேட்டாராம். அவரும் அங்கே படித்தவர். பிறகு கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார்களாம். உன்னிடம் தகப்பன் பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டு, எழுதி அனுப்புகிறோம் என்றார்களாம். ஆல்பர்ட்டுக்கு வேலை கிடைத்தது. நீ நெய்யாற்றின்கரைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகப் போனாய். போகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டாய்: "காலேஜுக்க பேருக்கா அப்பா இவ்வளவு வெல?" நான் சாக்குத் தைக்கிற ஊசியைத் தேடுகிற மாதிரி அங்கேயிருந்து போய்விட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் சொல்லப் போகிறேன். நேற்றுவரை எனக்கே பதில் தெரியாது.

எனக்குத் தெரிந்த உலகம் மிளகு உலகம். ஆரம்பத்தில் நான் மலையோரத்திலிருந்து தலைச்சுமையாக மிளகு கொண்டுவந்து காயவைத்து விற்றேன் என்பது உனக்குத் தெரியும். ஆலப்புழைக் கம்பெனிக்காரர்கள் என் சாக்கை அவிழ்த்துக்கூடப் பார்க்கமாட்டார்கள். குழித்துறையில் ஒரு பெரிய வியாபாரி இருந்தார். அவருடைய குறியைச் சாக்கின் மேல் கறுப்பு மையில் அடித்தால், அதே மிளகை நின்ற நிலையில் எடுத்துக்கொள்வார்கள். என் சரக்கு அவர் குறியில் போயிற்று, வருஷக்கணக்காக. அவர் ஆற்றங்கரையில் மெத்தை வீடு கட்டியபோது, அதில் பாதிச் சுவர் என்னுடைய மிளகு என்று நினைத்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. பிறகு எப்படியோ என் குறியும் நாலு பேருக்குத் தெரிந்தது. இப்போது சின்ன வியாபாரிகள் தங்கள் மிளகைக் கொண்டுவந்து, "ஒம்ம குறியப் போட்டுத் தாரும்" என்று என்னிடம் நிற்கிறார்கள். நானும் போட்டுத்தான் கொடுக்கிறேன். சும்மா இல்லை. இப்படி இருக்கிற நான், குறிக்கு மதிப்பில்லை, உள்ளே இருக்கிற மணிதான் முக்கியம் என்று உன்னிடம் சொன்னால், நீ என் முகத்துக்கு நேரே சிரிக்கலாம்.

ஆல்பர்ட் மோசமான பையனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். போன விடுமுறைக்கு வந்தபோது அவன் என்னைப் பார்க்க வந்தான். நாற்காலியில் உட்காராமல் சாக்கின் மேல் உட்கார்ந்தான். உன் அம்மை கொடுத்த மரச்சீனிக்கிழங்கைக் காந்தாரி மிளகாயோடு தின்று கண்ணில் வெள்ளம் வடித்தான். "மாமா, அவனுக்குத்தான் அந்த வேல கெடச்சிருக்கணும்" என்று உன்னைப் பற்றி அவனே சொன்னான். நான் அவனிடம் ஒரு திமிரைத் தேடினேன், ஒரு பொய்யைத் தேடினேன், இங்கிலீஷ் கலந்த ஒரு பீற்றலையாவது தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அன்று பகல் முழுக்க எனக்கு எரிச்சல். நல்ல பையன் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

என் பொறாமை ஆல்பர்ட்டோடு பிறந்ததல்ல. உன் மாமன் சபையில் வேதபாடம் வாசிக்கிற காலத்திலிருந்தே இருக்கிறது. அவனுக்கு நல்ல குரல். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றதே கலியாணத்துக்குப் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, அவன் அந்த இடத்தில் நிறுத்தியது சரியில்லை, இந்த இடத்தில் இழுத்தது சரியில்லை என்று சொல்லிக்கொண்டே கஞ்சி குடிப்பேன். உன் அம்மை அவனுடைய கூடப்பிறந்தவள் என்பதே எனக்கு ஞாபகம் வராது. ஒரு நாள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அவன் வாசிச்சா ஒமக்கு என்ன? வேதம் அவன் எழுதினதா?" அன்றைக்கு வாயை மூடினேன். வயிறு மூடவில்லை.

இனி நேற்று நடந்ததைக் கேள். டாக்டரின் கம்பவுண்டர் நம் கடையில் சாமான் வாங்குகிறவன். டாக்டர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், உங்கள் எதிர்க்கடைக்காரர் புதன்கிழமை போகிறார் என்று அவன்தான் காதில் போட்டான். பெண்ணை உன் அம்மை சபைக் கூட்டத்தில் பார்த்திருக்கிறாள். "கண்ணுல வெளிச்சம் உள்ள பிள்ள" என்று முன்பே சொல்லியிருந்தாள். அது ஒரு காரணம். ஞானமுத்து போகிறான் என்பது மற்றொரு காரணம். எது பெரிய காரணம் என்று நீ கேட்கக் கூடாது. நான் விடியற்காலையிலேயே போய் பஸ்ஸில் ஏறினேன். உள்ளே முதல் பெஞ்சில் பட்டுக்கரை வேட்டியோடு அவன் உட்கார்ந்திருக்கிறான்.

"எங்க அத்தான், இந்த வெள்ளனயே?"

"கொலசேகரம் வரைக்கும். நல்லமொளகு பாக்கணும்."

"இப்பம் என்ன நல்லமொளகு? கொடியில பச்சையால்லா கெடக்கு?"

"பச்சையிலயே பாத்து வச்சாத்தான் காரியம் நடக்கும். நீ எங்க?"

"எஸ்டேட்டுல துணி காட்டணும்."

"துணி எங்கலே? மடியில சதுரமா ஒண்ணு வச்சிருக்கிய, துணிக்குக் கண்ணாடி போட்டா கொண்டு போற?"

கண்டக்டர் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு போனோம்.

டாக்டர் வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து படி ஏறியதும் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தேத்தண்ணி வந்தது. உன் மாமன் படத்தைப் பிரித்து மேஜை மேல் சாய்த்து வைத்தான். கெஜக்கோல் இல்லாததால் விரலாலேயே மூன்றாவது வரிசையைத் தொட்டான். டாக்டரின் மனைவி அந்தப் படத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயிலில் விளக்கைப் பார்க்கிற பார்வை. பிறகு மரியாதைக்காக என் பக்கம் திரும்பி, "ஒங்க மகன் எந்த காலேஜு?" என்றாள்.

"திருவனந்தபுரம்."

"ஓ" என்றாள்.

கெட்ட மனசோடு சொல்லவில்லை. ஆனால் அந்த 'ஓ' என் நெஞ்சுக்குள் சாக்கு ஊசி மாதிரி போயிற்று. கச்சேரியில் உன்னிடம் அவர்கள் சொன்னதும் இந்த 'ஓ'தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "ரெண்டாம் கிளாசுல பாஸானவன்" என்றேன். ஞானமுத்து மெதுவாகச் சொன்னான்: "கிளாசெல்லாம் ரயிலுக்குத்தான் அத்தான். எந்த ஸ்டேஷன்ல எறங்குனான்னுதான் ஆளுக பாக்கும்."

டாக்டர் நல்ல மனுஷன். "எனக்கு ரெண்டு வீடும் ஒண்ணுதான். பிள்ளைக்கு ஒரு காரியம் சொல்லணுமாம், அவளே சொல்லட்டு" என்று மகளைக் கூப்பிட்டார். அவள் வந்து தையல் மிஷின் பக்கத்தில் நின்றாள். தலை குனியவில்லை. "எனக்கு மதராசுல பி.ஏ. படிக்கணும். இன்டர்மீடியட் வரைக்கும் அப்பா படிக்க வச்சாச்சு. எனக்குக் கீழ நாலு பேரு இருக்காங்க, இனி அப்பாவால முடியாது. கலியாணம் கழிஞ்சு ரெண்டு வருஷம் என்னைய அங்க விட்டுப் படிக்க வைக்கணும். எந்த வீட்டுல அதுக்குச் சம்மதமோ, எனக்கு அந்த வீடு சம்மதம்."

உன் மாமன் சிரித்தான். "பிள்ளே, எனக்க மகன் படிச்சது போராதா? ஒரு வீட்டுக்கு ஒரு மதராசு போரும். ரெண்டானா அடுப்பு யாரு பத்த வைக்கியது?"

அவன் தோற்கிற இடம் அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தையில் இப்படி ஒரு நிமிஷம் வரும். அதை விட்டால் சரக்கு போய்விடும். நாங்கள் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டை விரித்து அதன் அடியில் இரண்டு பேரும் கை கொடுத்து விரலைத் தொட்டுப் பேசுவோம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு முகம்தான் தெரியும், விலை தெரியாது. ஞானமுத்துவுக்குத் தெரியாமல் பேசவேண்டும் என்ற அவசரத்தில் தோள் துண்டை எடுத்து மடியில் விரித்து, அதற்குள்ளிருந்து டாக்டரிடம் கையை நீட்டிவிட்டேன். யோசித்துச் செய்ததல்ல, கை தானாகப் போயிற்று. டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? துண்டை விலக்கி, என் மணிக்கட்டைப் பிடித்து, சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"ஓடுகதப் பாத்தா மல ஏறி வந்த மாதிரி இருக்கு. பஸ்ஸுலதானே வந்தியரு? கொஞ்சம் வெள்ளம் குடியும்."

உன் மாமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "டாக்டரே, அவரு நாடி பாக்கக் கை நீட்டல்ல. வெல சொல்லதுக்கு நீட்டினாரு!" அந்த அம்மா சிரித்தாள், பெண்ணும் சிரித்தாள். துண்டுக்கு அடியில் பேசவேண்டியதை நான் எல்லார் முன்பாகவும் வாயால் சொல்லவேண்டியதாயிற்று. "நான் படிக்க வைக்கேன். ரெண்டு வருஷமும், முழுசும்" என்றேன். சிரிப்பு நின்றது.

"ஒங்க மகன்ட்ட கேக்காண்டாமா?" என்றாள் எஸ்தர்.

"கேக்கணும் பிள்ளே. கேட்டுட்டு வாறதுக்குள்ள இவன் மனசு மாறிருவான்" என்று ஞானமுத்துவைக் காட்டினேன். அவன் படத்தைத் துணியில் சுற்ற ஆரம்பித்தான்.

பிறகு நான் முற்றத்தில் கை கழுவும்போது அவளே வெள்ளம் ஊற்ற வந்தாள். "நீங்க எதுக்குச் சம்மதிச்சீங்க?" என்று கேட்டாள். பெரிய மனுஷன் மாதிரி ஏதாவது சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னேன்: "எனக்க கடைக்கு எதுத்தாப்புல ஒரு படம் தொங்குகு. தெனமும் அதுக்க மொகத்துலதான் கட தொறக்கேன். எனக்கும் ஒரு படம் வேணும்." அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அப்பம் நான் முன்வரிசையில நிக்கேன்" என்றாள். நான் விடவில்லை. "திருவனந்தபுரத்துலயும் அதே புஸ்தகம், அதே பரீட்ச. நீ எதுக்கு மதராசு மதராசுன்னு நிக்க?" என்று கேட்டேன்.

"புஸ்தகம் ஒண்ணுதான், தெரியும். அம்மை ஒங்ககிட்ட ஒரு 'ஓ' சொன்னாளே, கேட்டியளா? அத நான் ஆயுசு முழுக்கக் கேக்கமாட்டேன்."

மக்கா, அந்த நிமிஷம் எனக்கு அந்தப் பெண் மேலேயே பொறாமை வந்தது. நான் ஆயுசு முழுக்க வயிற்றுக்குள் பொத்தி வைத்திருந்ததை அவள் ஒரு செம்பு வெள்ளத்தோடு வெளியே கொட்டிவிட்டாள். வெட்கப்படவும் இல்லை.

உன் கேள்விக்குப் பதில் அதுதான். ஆமாம், காலேஜின் பேருக்குத்தான் இவ்வளவு விலை. உன் கணக்கு ஆல்பர்ட்டின் கணக்கைவிட நல்ல கணக்கு. அதை அவனே சொல்வான். ஆனால் உலகத்தில் சாக்கை அவிழ்த்துப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர். வெளியே நின்று குறியைப் பார்க்கிறவர்கள்தான் நிறைய. அவர்கள்தான் வேலை கொடுக்கிறார்கள், பெண் கொடுக்கிறார்கள். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. இப்படித்தான் இருக்கிறது. வகுப்பில் நீ கணக்குப் போடும்போது வாயைத் திறந்தபடி பார்க்கிற பிள்ளைகள் மட்டும் நீ எங்கே படித்தாய் என்று கேட்பதில்லை. அதை நீ குறைவாக நினைக்காதே. அதையே பெரிதாக நினைத்து மற்றதை மறந்துவிடலாம் என்றும் நினைக்காதே; முடியாது. நான் முயன்று பார்த்தவன்.

அவள் போன பிறகு உனக்கும் இந்தப் பொறாமை வரும். மதராஸிலிருந்து அவள் எழுதுகிற கடிதத்தில் உனக்குத் தெரியாத பெயர்கள் இருக்கும், நீ பார்க்காத கடற்கரை இருக்கும். நீ இல்லாத இடங்களை வரிக்கு வரி தேடுவாய். விடுமுறைக்கு வந்தால் அவள் பேச்சில் ஒரு புதுச் சத்தம் கேட்கும். சபையில் எவனாவது, "கெட்டினவ மதராசு, கெட்டினவன் நெய்யாற்றின்கரையா?" என்று கேட்பான், அவன் அநேகமாக உன் மாமனாகத்தான் இருப்பான். அப்போது நான் செய்ததைச் செய்யாதே. அவள் நிறுத்துகிற இடம் சரியில்லை, இழுக்கிற இடம் சரியில்லை என்று குறை தேடிக்கொண்டு கஞ்சி குடிக்காதே. உன் அம்மைக்கு இருந்த பொறுமை இவளுக்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது என்று நேராக அவளிடமே சொல்லிவிடு. அவள் சிரிப்பாள். நல்ல சிரிப்பு, நான் கேட்டிருக்கிறேன். அவளிடம் சொல்ல முடியாவிட்டால் எனக்கு எழுது. இந்தத் தொழிலில் மிளகைவிட எனக்கு அனுபவம் அதிகம்.

உனக்குச் சம்மதம் இல்லை என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடு. நானே குலசேகரம் போய், வாக்கைத் திருப்பி வாங்கிக்கொள்வேன். அதைச் செய்தவன் என்று யாரும் என்னை இதுவரை சொன்னதில்லை. உனக்காகச் சொல்லிவிட்டுப் போகட்டும். சம்மதம் என்றால், பேசி முடித்திருப்பது இது.

கொடியில் மிளகு பறித்து முடிந்து, லெந்து உபவாச நாட்கள் தொடங்குமுன், அவர்கள் சபையில் கலியாணம். அவர்கள் சீதனம் என்று ஒன்றும் சொல்லவில்லை, நான் ஒன்றும் கேட்கவில்லை. ஜூன் மாதம் நீயே செங்கோட்டை வழி ரயிலில் அவளை மதராஸ் கொண்டுபோய் விடவேண்டும். இரண்டு வருஷமும் கல்லூரிக்குக் கட்டுகிற சம்பளமும் ஹாஸ்டலும் என் பொறுப்பு. அதில் அவளுடைய தகப்பனும் நீயும் கை வைக்கக் கூடாது. விடுமுறைக்கு அவள் வருவது உன் வீட்டுக்கு, பிறகுதான் எங்கள் வீட்டுக்கு. படித்து முடித்து வேலைக்குப் போவதா வேண்டாமா என்பது அவள் இஷ்டம். என் பங்குக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்று, அதற்கு அவள் தலையாட்டிவிட்டாள்: கல்லூரிப் படம் எடுத்தால் முதல் படம் என் கடைக்கு, அவள் முன்வரிசையில். ஞானமுத்துவின் கெஜக்கோலைவிட நீளமான கோல் ஒன்று வாங்கவேண்டும். அது என் செலவு.